கம்பி இழுத்தவர்களின் கதை

நெய்வேலி டவுன்ஷிப்பில் ராணுவத்திலிருந்து வந்தவர்கள் பல பிளாக்குகளில் இருக்கிறோம். நான் சிக்னல்ஸ் என்னும் செய்தித் தொடர்புப் படை, அதிலும் லைன்மேன். முன்னால் போகும் படைக்கும் பின்னால் இருக்கும் தலைமையகத்துக்கும் நடுவே கம்பி இழுப்பது என் வேலையாக இருந்தது.

1911க்கு முன்னால் இந்திய ராணுவத்தில் செய்தித் தொடர்புக்குத் தனிப் படை கிடையாது. அந்தப் பொறுப்பு பொறியாளர் படைகளிடம் இருந்தது. தமிழர்கள் நிறைந்த, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் அவற்றில் ஒன்று. கம்பி போகாத மலைகளில் ஹீலியோகிராப் பேசியது. வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, விட்டு விட்டுக் காட்டி மோர்ஸ் அனுப்பும் கருவி அது. அதை உருவாக்கிய ஹென்றி மான்ஸ், பாரசீக வளைகுடா தந்தித் துறையில் வேலை பார்த்தவர். 1911 பிப்ரவரி 15 அன்று, லெப்டினன்ட் கர்னல் எஸ்.எச். பவல் தலைமையில் ஃபதேகரில் சிக்னல் கம்பெனிகள் உருவாயின. இன்றும் அதுதான் எங்கள் படை நாள். பயிற்சிக்கென்று ஜபல்பூர் மையம் பிறகு வந்தது. கம்பியில்லாத் தந்தியின் மார்க்கோனி பிறந்த இத்தாலியிலோ, 1953இல்தான் செய்தித் தொடர்பு பொறியாளர் படையிலிருந்து பிரிந்தது.

அதே இத்தாலியில்தான் எங்கள் மூத்தவர்கள் பெரிய சோதனையைச் சந்தித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் இந்தியாவின் 4, 8, 10ஆம் டிவிஷன்கள் அங்கே போரிட்டன. ஒவ்வொன்றோடும் அதன் சிக்னல்ஸ் போனது. 1943இல் சாங்ரோ நதி, 1944இல் காசினோ. எந்தப் பட்டாலியன் எந்த மேட்டைப் பிடித்தது என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. உத்தரவு போன கம்பியைப் பற்றி ஒரு வரி கிடைப்பது அரிது. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

லைன் அறுந்தால் என்ன நடக்கும் தெரியுமா? தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினாலும் மறுமுனை மணி அடிக்காது. லைன்மேன் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே நடப்பான், இரவானாலும் ஷெல் விழுந்தாலும். வெட்டு கிடைத்ததும் இரண்டு இழைகளின் உறையைச் சீவி, முடிச்சுப் போட்டு, முனைகளை முறுக்கி டேப் சுற்ற வேண்டும். இரண்டு முடிச்சுகளும் அக்கம்பக்கமாக வரக் கூடாது. வந்தால் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டு லைன் செத்துவிடும். முன்பின்னாகத் தள்ளிப் போட வேண்டும். விரல் மரத்துப்போகும் குளிரிலும் இதில் தவறக் கூடாது.

கம்பி இழுப்பவனின் இந்த நிலை நெய்வேலிக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். 1957இல் நேரு தொடங்கிவைத்த லிக்னைட் சுரங்கத்தில், மண் வெட்டும் ராட்சத பக்கெட் வீல் இயந்திரம் பின்னால் மின்கேபிளை இழுத்துக்கொண்டே நகர்கிறது. வெட்டுமுகம் முன்னேறினால் கேபிளும் கன்வேயரும் கூடவே நகர வேண்டும். நிலத்தடி நீரின் அழுத்தத்தைக் குறைக்கும் பம்புகளும் ஓயாமல் ஓட வேண்டும். உற்பத்திக் கணக்கில் லிக்னைட் டன்தான் வரும். கேபிள் நகர்த்தியவன் பெயர் வராது.

இப்போது ராணுவத்தில் ஆப்டிகல் ஃபைபரும் செயற்கைக்கோளும் வந்துவிட்டன. கம்பி இழுத்தவர்களின் கதை மறைந்துபோகும் முன், டவுன்ஷிப்பிலும் சுற்று ஊர்களிலும் இருக்கும் பழைய சிக்னல்காரர்கள், தாங்கள் இழுத்த லைன் எங்கிருந்து எங்கே போனது, எங்கே அறுந்தது, யார் சேர்த்தார் என்பதை எழுதிக் கொடுங்கள். எழுத வராவிட்டால் சொல்லுங்கள், உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.