டைனமோவுக்கும் றேடியோவுக்கும் இடையில் இருந்த வயர்

1990 யூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையில் எரிபொருளோடு பற்றரியும் அடக்கம். வீடுகளில் றேடியோ இருந்தது, அதை ஓட்ட ஒண்டும் இல்லை. சண்டை எங்க வந்திட்டுது, பேச்சுவார்த்தை நடக்குமா எண்டு அறிய பி.பி.சி. தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் காத்திருந்து கேட்ட சனத்துக்கு இது சின்ன விசயம் இல்லை.

பிறகு நடந்த கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தர் பெடலைச் சுத்த, மற்றவை சுற்றியிருந்து செய்தி கேட்டார்கள். ஆனால் டைனமோவுக்கும் றேடியோவுக்கும் இடையில் இருந்த வயரைப் பற்றி ஆரும் பெரிசாக் கதைக்கிறேல்லை.

சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ற். நாலு ரோச் பற்றரி போடும் றேடியோவுக்கும் அதே 6 வோல்ற்தான் வேணும். கணக்குச் சரி. ஆனால் டைனமோவில் வருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். நாலு டயோட்டைப் பாலம் மாதிரிச் சோல்டர் பண்ணினால் மின் ஒரே திசையில் வரும். அப்பவும் ஸ்பீக்கரில் ஒரு உறுமல் கேட்கும். அதை அடக்க ஒரு கப்பாசிற்றர் போட வேணும். பெடல் தளர்ந்தால் கசற் பாட்டு இழுபடும். கண்டபடி வேகமாகச் சுத்தினால் வோல்ற் கூடி செற் பழுதாகும்.

சோல்டர் பண்ணுவதும் லேசில்லை. கறண்ட் இல்லாத இடத்தில் செப்பு அயனை நெருப்பில்தான் காய்ச்ச வேணும். ஈயம் 190 பாகை செல்சியசுக்குக் கிட்ட உருகிவிடும். ஆனால் வயரும் அதேயளவு சூடாகாட்டி ஈயம் பிடிக்காது. பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், அசைத்தால் கரகரக்கும். இண்டைக்கு வீட்டில் மைக் வயர் செய்கிற எங்களுக்கும் இதே விதிதான்.

இந்தக் கதையை 'எங்கட ஆக்களின்ர மூளை' எண்டு பெருமையாகச் சொல்லி முடிக்கிறது வழக்கம். பெருமை நியாயம்தான். ஆனால் நாலு பற்றரி வாங்கக் கிடைத்திருந்தால் இந்த வித்தை ஒண்டும் தேவைப்பட்டிருக்காது. பெருமைக்குள்ள அந்தத் தடையை மறைக்கக்கூடாது.

வீட்டில் பெரியாக்கள் இருந்தால் கேட்டு எழுதி வையுங்கோ. டயோட்டை எதிலயிருந்து கழட்டினது, ஆர் சோல்டர் பண்ணினது, செய்தி முடியுமட்டும் ஆர் பெடல் சுத்தினது?