முரசு நோயின் வரலாறும் மலையகத் தமிழரும்

பல்லைப் பற்றி நிற்கும் தசையை ஈழத்தமிழர் முரசு என்பர். தமிழகத்தார் ஈறு என்பர். பெயர் எதுவாயினும், அது கரைந்து பல் ஆடி விழுதல் முதுமையின் இயல்பென்றே மக்கள் பன்னெடுங்காலமாகக் கருதி வந்தனர். நரையும் திரையும் போல அதுவும் மூப்பின் அடையாளமெனக் கொள்ளப்பட்டது. இக்கருத்தைத் தகர்த்த ஆராய்ச்சிகளுள் தலையாய ஒன்று இலங்கையிலே, தமிழ்த் தொழிலாளரிடையே நடைபெற்றதென்பது நம்மவர் அறியவேண்டிய செய்தியாகும். அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

பற்றூய்மையை நம் முன்னோர் அறியாதவரல்லர். வேப்பங்குச்சியும் ஆலம்விழுதும் உமிக்கரியும் உப்பும் அவர்தம் கருவிகளாயிருந்தன. மன்னார்த் தீவிலே தாராபுரம், எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களில் வாழும் இஸ்லாமிய மக்கள், உகாய் மரக்குச்சியாகிய மிஸ்வாக்கினாற் பல் துலக்குதலைச் சமய ஒழுக்கமாகவே போற்றுவர். பல்லின்மேற் படியும் அழுக்கை நாள்தோறும் அகற்றுதலே இவ்வழக்கங்கள் யாவற்றினதும் பயனாகும். எனினும் அவ்வழுக்குக்கும் முரசு நோய்க்கும் உள்ள தொடர்பு அளந்து நிறுவப்பட்டது மிகப் பிற்காலத்திலேயாம்.

டென்மார்க் நாட்டு ஆர்ஹுஸ் நகரிற் பணியாற்றிய நோர்வே நாட்டறிஞர் ஹரால்ட் லோ என்பாரும் அவர்தம் துணைவரும் 1965ஆம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். நலமான முரசுடைய 12 பேர் பல் துலக்குதலை முற்றாக நிறுத்தினர். பத்து முதல் இருபத்தொரு நாள்களுக்குள் அனைவர்க்கும் முரசு சிவந்து அழற்சியுற்றது. மீண்டும் துலக்கத் தொடங்கவே, ஏறக்குறைய ஒரு வாரத்தில் அழற்சி நீங்கியது. நோயின் தோற்றம் இவ்வாறு தெளிவாயிற்று. ஆனால் அவ்வழற்சி பல்லாண்டுகள் கவனிப்பாரற்று நீடிப்பின் விளைவு யாது? அதற்கு விடைகாணப் பற்சிகிச்சையே பெறாத ஒரு மக்கட் கூட்டம் வேண்டியிருந்தது.

அத்தகைய மக்கள் இலங்கையின் மலைநாட்டிலே இருந்தனர். அவர்தம் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நெடுந்தூரம் நடந்து மாத்தளையையும் கண்டியையும் அடைந்தவர்கள். 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னார்ப் புகையிரதம் அவ்வழியை எளிதாக்கியது. மலைநாட்டைத் தம் உழைப்பால் வளமாக்கிய இம்மக்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிற்று.

லோவும் அனெருட், போய்சன் என்னும் அறிஞரும் 1969ஆம் ஆண்டு ஒஸ்லோ நகரிலே கல்வி கற்ற 565 ஆடவரையும், 1970ஆம் ஆண்டு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரையும் பரிசோதித்தனர். பின்னர் ஆண்டுகள் சில இடைவிட்டு மீண்டும் மீண்டும் வந்து அளந்தனர். 1985ஆம் ஆண்டில் தோட்டங்களிற் பரிசோதிக்கப்பட்டோர் 161 பேரே. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத் தமிழர் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட காலமும் இதுவேயாம்.

கண்ட முடிவுகள் வியப்பிற்குரியன. நாற்பது வயதை அணுகிய நோர்வேயர்க்குப் பல்லின் பிடிமானம் சராசரியாக ஒன்றரை மில்லிமீற்றரளவே குறைந்திருக்க, தொழிலாளர்க்கு நாலரை மில்லிமீற்றர் குறைந்திருந்தது. தொழிலாளரிடையேயும் நிலை ஒன்றாயிருக்கவில்லை. நூற்றுக்கு 8 பேர்க்கு நோய் விரைந்து பரவியது. அவர்கள் இருபது வயதிலேயே பல்லிழக்கத் தொடங்கி, நாற்பத்தைந்தாம் வயதில் எல்லாப் பற்களையும் இழந்தனர். 81 பேர்க்கு மெல்லப் பரவியது. 11 பேர்க்கோ முரசில் அழற்சி இருந்ததேயன்றி அதற்கப்பாற் செல்லவில்லை. அவர்களிடையே பற்சொத்தை இல்லையென்றே சொல்லலாமாதலால், இழந்த பற்கள் முரசு நோயாலேயே இழக்கப்பட்டன என்பது உறுதியாயிற்று.

பல் விழுதல் வயதின் விதியன்று. கவனிப்பின்மையின் விளைவே என்பது இதனாற் பெறப்படும். அழுக்குப் படிந்தோர் யாவரும் ஒரே அளவிற் கெடுவதில்லை. உடலியல்பும் வேறுபாட்டை உண்டாக்கும் என்பதும் பெறப்படும். தாம் எப்பிரிவினர் என்பதை எவரும் முன்னரே அறியாராதலால், காவல் எல்லார்க்கும் வேண்டும்.

இவ்வுண்மைகள் இன்று உலகெங்கும் பல்மருத்துவ மாணவர்க்குப் பாடமாக உள்ளன. ஆயின் அவற்றைத் தந்தோர் யார்? பதினைந்தாண்டுகளாக அளவுகோல் அவர்கள் வாயினுட் சென்று வந்தது. காறையோ இருந்தபடியே இருந்தது. அவர்தம் வறுமையே ஆராய்ச்சிக்கு வாய்ப்பாயிற்று. அறிவுலகம் அவர்கட்குப் பட்ட கடன் பெரிது. 2010ஆம் ஆண்டில் மீண்டும் தேடிக் கண்டு பரிசோதிக்கப்பட்டோர் 75 பேர்.

கவனிப்பு இருந்திருப்பின் நிலை எவ்வாறிருக்கும் என்பதைச் சுவீடன் நாட்டுக் கார்ல்ஸ்டாட் நகரம் காட்டிற்று. அங்கே அக்செல்சன், லிண்டே என்போர் 1972ஆம் ஆண்டு முதல் முப்பது ஆண்டுகள் மக்கட்குத் துலக்கும் முறையைக் கற்பித்தும், காலந்தோறும் காறையை அகற்றியும் வந்தனர். அம்மக்கள் அக்காலமெல்லாம் இழந்த பற்கள் சராசரியாக இரண்டிற்கும் குறைவே.

மருந்து அரிதன்று. காலையும் இரவும் முரசோரம் மென்மையாகத் துலக்குதல், பல்லிடுக்கைத் தூய்மை செய்தல், புகையிலையை விலக்குதல், நீரிழிவைக் கட்டுப்படுத்துதல் ஆகியவை காப்பாகும். இறுகிய காறை தூரிகைக்கு அசையாது. அதனைப் பல்மருத்துவரே சுரண்டி எடுத்தல் வேண்டும். துலக்கும்போது இரத்தம் கசியுமாயின் துலக்குதலை நிறுத்தலாகாது. அது நோயின் முதல் அறிகுறியெனக் கொண்டு மருத்துவரை நாடவேண்டும்.

தேயிலைக் கொழுந்தோடு தம் வாயின் வரலாற்றையும் உலகிற்கு ஈந்த அம்மக்களின் பேரப்பிள்ளைகள் பயிலும் பாடசாலைகளிலே இவ்வறிவும் இச்சிகிச்சையும் குறைவின்றிக் கிடைக்கச் செய்தலே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.