மூலநிரல்வழித் தானியங்கி மென்பொருள் அளவீடு

மூலநிரல்வழித் தானியங்கி மென்பொருள் அளவீடு என்பது எழுதி முடித்த நிரலைக் கருவியொன்றால் அலசி, மென்பொருளின் அளவைக் கணிக்கும் முறை. விரைவும், எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை தருவதும் இதன் பலம். பயனரின் பார்வையில் மென்பொருள் என்ன செய்கிறது என்பதை நிரலிலிருந்து முழுமையாக அறிய முடியாததே இதன் அடிப்படை வரம்பு.

வரி எண்ணிக்கை

கருவிக்கு மிக எளிதானது வரிகளை எண்ணுவது. 2001-இல் டேவிட் வீலர் தம் எஸ்எல்ஓசிகவுன்ட் கருவியால் ரெட் ஹாட் லினக்ஸ் 7.1-இல் 3 கோடிக்கும் மேற்பட்ட வரிகளைக் கணக்கிட்டார். தானாக உருவான கோப்புகளையும் நகல்களையும் அதற்காக நீக்க வேண்டியிருந்தது. எழுதும் பாணியும் நிரல்மொழியும் மாறினால், செயல் மாறாமலே வரி எண்ணிக்கை மாறிவிடும்.

செயற்பாட்டு அளவு

இக்குறையைத் தவிர்க்க, ஐபிஎம் நிறுவனத்தின் ஆலன் ஆல்பிரெக்ட் 1979-இல் ஃபங்ஷன் பாயிண்ட் முறையை வெளியிட்டார். உள்ளீடு, வெளியீடு, வினவல், உள்தரவுக் கோப்பு, வெளித்தரவுக் கோப்பு ஆகியவை இதில் பயனரின் நோக்கிலிருந்து எண்ணப்படுகின்றன. இதைத் தானியங்கியாகச் செய்வதற்கான விதிகளை ஐஎஸ்ஓ/ஐஈசி 19515:2019 தரம் வகுக்கிறது. தரவைச் சேமித்துவைக்கும் பரிவர்த்தனை மென்பொருள்களுக்கே அது பொருந்தும்.

வரம்புகள்

வாடிக்கையாளர் விவரம் ஓர் அட்டவணையிலும் அவர் முகவரி மற்றோர் அட்டவணையிலும் இருக்கலாம். பயனருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே தரவுத் தொகுதி. அது எளிய உள்தரவுக் கோப்பெனில் ஃபங்ஷன் பாயிண்ட் முறையில் 7 புள்ளிகள். அட்டவணைகளைத் தனித்தனியே எண்ணும் கருவி 14 தரும். கணக்கிட்ட விடையைக் காட்டும் எளிய வெளியீட்டுக்கு 4 புள்ளிகள். தரவை எடுத்துக் காட்டும் எளிய வினவலுக்கு 3. கணக்கீடு தரவுத்தளத்துக்குள் நடந்தால், பயன்பாட்டு நிரலை மட்டும் படிக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

மற்றொரு செயற்பாட்டு அளவீட்டு முறையான காஸ்மிக், உள்வரவு, வெளியேற்றம், படித்தல், எழுதுதல் என்னும் நான்கு தரவு நகர்வுகளை எண்ணுகிறது. நிரலில் ஒரே தரவு பல இடங்களில் படிக்கப்பட்டாலும், ஒரு செயல்முறைக்குள் அது பொதுவாக ஒரு நகர்வே. எங்கே ஒரு செயல்முறை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை நிரல் சொல்வதில்லை; தேவை ஆவணம்தான் சொல்கிறது. யாரும் பயன்படுத்தாத பழைய நிரல் அளவைக் கூட்டுகிறது; அமைப்புக் கோப்புகளிலும் இயங்கும்போது உருவாகும் எஸ்க்யூஎல் கட்டளைகளிலும் இருக்கும் செயல்கள் விடுபடுகின்றன.

பயன்பாடு

நிரல் எழுதி முடிந்த பின்னரே அளக்க முடிவதால், புதிய திட்டத்தின் செலவை முன்கூட்டி மதிப்பிட இம்முறை நேரடியாக உதவாது. ஒரே கருவியை ஒரே அமைவுடன் பயன்படுத்தி, இயங்கிவரும் மென்பொருளின் வளர்ச்சியைப் பதிப்புக்குப் பதிப்பு ஒப்பிடுவதற்கு ஏற்றது. ஒப்பந்தத் தொகை அளவைச் சார்ந்திருக்கும் இடங்களில், கருவி தரும் எண்ணை அளவீட்டு வல்லுநர் தேவை ஆவணத்தோடு சரிபார்ப்பது அவசியம்.