புகையின் பூர்வீகம்

பாலக்கோடு வட்டாரத்தில் பஞ்சப்பள்ளி இருக்கிறது; மாரண்டஹள்ளியும் இருக்கிறது. வங்கிப் படிவங்களில் இரண்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை வேறு வேறு விகுதிகள். ஆனால் ஒன்றுதான். சொல் முதலில் வரும் பகரம், ஏறக்குறைய 10ஆம் நூற்றாண்டிலிருந்து, கன்னடத்தில் ஹகரமாகத் தேய்ந்தது: பால் – ஹாலு, பல் – ஹல்லு. ஜெர்மானிய மொழிகளில் பழைய பகரம் 'ஃப' ஆனதற்கு கிரிம் 1822இல் விதி வகுத்ததை பி.ஏ.யில் மனப்பாடம் செய்தோம். பென்னாகரம் பஸ் ஏறினால் அதே ஜாதி விதியைக் காணலாம் என்று எவரும் சொல்லவில்லை.

ஒகேனக்கல்லில் இருப்பது ஹொகெ, அதாவது புகை. ஹகரத்தையும் நாம் விழுங்கிவிட்டோம். 'புகை சிதைந்து ஹொகெ ஆயிற்று' என்று நண்பர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். பழங்கன்னடத்தில் அது பொகெ, தெலுங்கில் பொக, மலையாளத்தில் புக. நாமே எழுதுவது புகை, பேசுவது பொகை. பின்னால் அகரம் வரும் இடங்களில் இந்த உகர ஒகரக் குழப்பம் தென்மொழிகளுக்குப் பொது. பர்ரோவும் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியும் ஆராய்ந்தது. ஆக, எல்லாவற்றுக்கும் தாய் எந்த ஏட்டிலும் கல்லிலும் இல்லாத, உடுக்குறி இட்டு மட்டுமே எழுதக்கூடிய ஒரு மூலத் திராவிடச் சொல். புகை அதற்கு ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

ஊகித்த சொல்லை எவ்வளவு நம்பலாம்? புகையிலையைப் பாருங்கள். தெலுங்கில் பொகாகு, கன்னடத்தில் ஹொகெசொப்பு. முன்பாதி பொது, பின்பாதியில் இலை, ஆகு, சொப்பு என்று ஆளுக்கொன்று. போர்ச்சுக்கீசியர் காலத்தில் அந்தச் செடி வந்தபோது வீடு பிரிந்து வெகுகாலம் ஆகியிருந்தது.