எண்ணிம-ஒப்புமை ஒலி மாற்றியைத் தாமே அமைத்தல்

எண்ணிம-ஒப்புமை ஒலி மாற்றி என்பது எண்களாகப் பதிவு செய்யப்பட்ட ஒலியைத் தொடர்ச்சியாக மாறும் மின்னழுத்தமாக மாற்றித் தரும் மின்னணுக் கருவி ஆகும். குறுவட்டு இயக்கி, கணினி, செல்பேசி முதலிய எல்லா எண்ணிம ஒலிக் கருவிகளிலும் இது ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெறுகிறது. இதனைத் தனிப் பெட்டியாகத் தாமே அமைத்துக்கொள்வது மின்னணுவியல் ஆர்வலர்களிடையே நெடுங்காலமாக நிலவும் பொழுதுபோக்கு ஆகும். உறுப்புகள் குறைவு, செலவும் குறைவு என்பதால் மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க திட்டப்பணியாகவும் இது விளங்குகிறது.

தாமே அமைத்த மாற்றி ஒலிக்கவில்லை எனில் பலரும் முதலில் சில்லையே ஐயுறுவர். ஆனால் பெரும்பாலான பழுதுகள் மின்வழங்கல், கடிகாரக் குறிகை, நில இணைப்பு ஆகிய மூன்றிலேயே தோன்றுகின்றன. அவற்றைச் சாதாரணப் பன்மானி ஒன்றைக் கொண்டே கண்டறிய இயலும்.

அடிப்படை

குறுவட்டில் ஒலி ஒவ்வொரு நொடிக்கும் 44,100 மாதிரிகளாகவும், ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் எண்ணாகவும் பதியப்படுகிறது. 16 பிட்டுகளால் 65,536 படிகளைக் குறிக்கலாம். மாற்றியின் பெரும வெளியீடு 2 வோல்ட்டு (சராசரி வர்க்க மூலம்) எனக் கொண்டால், அலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையே ஏறத்தாழ 5.66 வோல்ட்டு இருக்கும். இதனை 65,536 ஆல் வகுத்தால் ஒரு படியின் அளவு ஏறத்தாழ 86 மைக்ரோவோல்ட்டு ஆகும். மின்வழங்கலிலிருந்து ஒரு மில்லிவோல்ட்டு இரைச்சல் வெளியீட்டில் கலந்தாலும் அது பத்துக்கு மேற்பட்ட படிகளை மூழ்கடித்துவிடும். மின்வழங்கலுக்கு இத்துறையில் தரப்படும் முதன்மைக்கு இதுவே காரணம்.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது சரியான நேரத்திலும் வெளிவர வேண்டும். கடிகாரக் குறிகை முன்பின்னாக நகர்வதைக் கடிகார நடுக்கம் என்பர். 20 கிலோஹெர்ட்ஸ் முழு வீச்சு அலையில், 16 பிட் ஒலியின் ஒரு படி அளவுக்குப் பிழை நேர ஏறத்தாழ 240 பிக்கோநொடி நகர்வே போதுமானது.

வரலாறு

பிலிப்சு, சோனி ஆகிய நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய குறுவட்டு 1982 அக்டோபரில் சப்பானில் விற்பனைக்கு வந்தது. பிலிப்சின் தொடக்ககால இயக்கிகள் டிடிஏ1540 என்னும் 14 பிட் சில்லைப் பயன்படுத்தின. மாதிரி வீதத்தை நான்கு மடங்காக உயர்த்துவதன் மூலம் அச்சில்லிலிருந்து 16 பிட்டுக்கு நிகரான தரம் பெறப்பட்டது. சில்லுகளுக்கிடையே ஒலித் தரவைக் கடத்துவதற்கான ஐ2எஸ் என்னும் இணைப்பு முறையை பிலிப்சு 1986 இல் வெளியிட்டது. இன்றும் பெரும்பாலான மாற்றிச் சில்லுகள் இம்முறையையே பின்பற்றுகின்றன.

1990களின் பிற்பகுதியில் சப்பானியரான ரியோஹெய் குசுனோகி, மாதிரி வீதத்தை உயர்த்தாமலும் எண்ணிம வடிகட்டி இல்லாமலும் அமைக்கும் எளிய முறையை முன்வைத்தார். பழைய பிலிப்சு சில்லுகளான டிடிஏ1541, டிடிஏ1543 ஆகியவை இதனால் ஆர்வலர்களிடம் புகழ் பெற்றன. எனினும், இம்முறையில் குறுவட்டின் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 3.2 டெசிபெல் குறைந்து ஒலிக்கும். ஒலி அலைவரிசைக்கு மேலுள்ள போலி அலைகளும் நீக்கப்படாமல் வெளிவரும். இச்சில்லுகளின் உற்பத்தி நின்றுவிட்டதால் சந்தையில் போலிகளும் உலவுகின்றன.

எடுத்துக்காட்டுச் சுற்று

தொடக்க நிலையினருக்கு ஏற்ற சில்லுகளுள் ஒன்று டெக்சசு இன்சுட்ருமென்ட்சு நிறுவனத்தின் பிசிஎம்5102ஏ ஆகும். இது 20 கால்கள் கொண்டது, 3.3 வோல்ட்டில் இயங்குவது. 16 முதல் 32 பிட் வரையான தரவை 384 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்பது. எதிர் மின்னழுத்தத்தைத் தானே உருவாக்கிக்கொள்வதால் இதன் வெளியீடு சுழி வோல்ட்டை மையமாகக் கொண்டு 2.1 வோல்ட்டு வரை அமைகிறது. ஆகவே வெளியீட்டில் இணைப்பு மின்தேக்கி தேவையில்லை.

கால்களுக்கிடையே 0.65 மில்லிமீட்டர் இடைவெளியே உள்ளதால் கையால் பற்றாசு வைக்கப் பழக்கம் வேண்டும். பழகாதோர் சில்லு பொருத்தப்பட்ட ஆயத்தப் பலகையை வாங்கிப் பயன்படுத்தலாம்.

தரவு மூலமாக 40 முள் கொண்ட ராஸ்பெரி பை கணினியைப் பயன்படுத்தும்போது இணைப்புகள் பின்வருமாறு அமையும்.

- பிட் கடிகாரம்: கணினியின் 12ஆம் முள்ளிலிருந்து சில்லின் 13ஆம் காலுக்கு.
- இட-வலக் கடிகாரம்: 35ஆம் முள்ளிலிருந்து 15ஆம் காலுக்கு.
- தரவு: 40ஆம் முள்ளிலிருந்து 14ஆம் காலுக்கு.
- நிலம்: கணினியின் 6ஆம் முள்ளிலிருந்து மாற்றியின் நிலத்திற்கு.

இக்கம்பிகள் இயன்றவரை குட்டையாக இருத்தல் வேண்டும். குறுவட்டுத் தரத்தில் ஓர் ஓடைக்கு 32 பிட் இடம் ஒதுக்கப்பட்டால் பிட் கடிகாரம் 2.8224 மெகாஹெர்ட்ஸில் ஓடும். நீண்ட கம்பியில் அதன் விளிம்புகள் சிதையும்.

சில்லின் 12ஆம் கால் முதன்மைக் கடிகாரத்திற்கு உரியது. அதனை நிலத்துடன் இணைத்தால் தனக்கு வேண்டிய கடிகாரத்தைச் சில்லே பிட் கடிகாரத்திலிருந்து உருவாக்கிக்கொள்ளும். 16ஆம் கால் தரவின் வடிவத்தைத் தெரிவு செய்கிறது. ஐ2எஸ் முறைக்கு அது நிலத்தில் இருக்க வேண்டும். 17ஆம் கால் ஒலியடக்கத்திற்கு உரியது, அதற்கு 3.3 வோல்ட்டு தந்தால்தான் ஒலி வெளிவரும்.

ஒவ்வொரு மின்வழங்கல் காலின் அருகிலும் 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் மின்தேக்கியும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைப்பது நலம். எதிர் மின்னழுத்தப் பகுதிக்கு 2.2 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் இரண்டு வேண்டும். வெளியீட்டில் ஒவ்வோர் ஓடைக்கும் 470 ஓம் மின்தடையும் 2.2 நானோஃபாரட் மின்தேக்கியும் சேர்ந்து வடிகட்டியாக அமையும். இதன் வெட்டு அலைவெண் ஏறத்தாழ 154 கிலோஹெர்ட்ஸ் ஆகும்.

முதன்முறை இயக்கும் முன்

இந்தியா, இலங்கை முதலிய நாடுகளில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு ஆகும். தொடக்க நிலையினர் அதனை நேரடியாகக் கையாளாமல், ஆயத்தமான 5 வோல்ட்டு மின்வழங்கியையும் 3.3 வோல்ட்டு சீராக்கியையும் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

மின்சாரம் தரும் முன் 3.3 வோல்ட்டுத் தடத்திற்கும் நிலத்திற்கும் இடையே குறுக்கிணைப்பு இல்லை என்பதைப் பன்மானியால் உறுதி செய்துகொள்ள வேண்டும். மின்சாரம் தந்தபின், மிகைப்பியையோ காதணி ஒலிப்பானையோ இணைக்காமல் வெளியீட்டின் நேர்மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அது சில மில்லிவோல்ட்டுகளுக்குள் இருப்பது இயல்பு. நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட்டுகள் தென்பட்டால் எதனையும் இணைத்தல் கூடாது. நிலையான நேர்மின்னோட்டம் ஒலிபெருக்கியின் சுருளைச் சூடாக்கி எரித்துவிடக் கூடும். இந்த ஓர் அளவீட்டைத் தவிர்த்ததால் இழக்கப்படும் ஒலிபெருக்கியின் விலை மாற்றியின் விலையைப் போலப் பன்மடங்கு இருக்கலாம்.

பழுது கண்டறியும் முறை

மாற்றி ஒரு சங்கிலி ஆகும். மின்வழங்கல், கடிகாரம், தரவு, சில்லு, வடிகட்டி என்பவை அதன் கண்ணிகள். உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதைவிட, சங்கிலியின் நடுவில் அளந்து பழுது எப்பக்கம் உள்ளது என முடிவு செய்வதே விரைவான வழி.

அலைகாட்டி இல்லாதோர் பன்மானியின் நேர்மின்னழுத்த அளவையைப் பயன்படுத்தலாம். கடிகாரக் குறிகை பாதி நேரம் 3.3 வோல்ட்டிலும் பாதி நேரம் சுழியிலும் இருப்பதால், அது ஓடிக்கொண்டிருந்தால் பன்மானி ஏறத்தாழ 1.65 வோல்ட்டு காட்டும். சுழியோ 3.3 வோல்ட்டோ காட்டினால் கடிகாரம் நின்றுவிட்டது என்பது பொருள். ராஸ்பெரி பையில் ஐ2எஸ் வெளியீடு இயல்பாக அணைந்தே இருக்கும். அதனை இயங்குதள அமைப்பில் இயக்கிய பின்னரும், ஒலி இசைக்கப்படும்போது மட்டுமே கடிகாரங்களை எதிர்பார்க்கலாம். எனவே கடிகாரம் இல்லையெனில் பற்றாசுக் கோலை எடுக்கும் முன் மென்பொருளைச் சரிபார்ப்பது நலம்.

கடிகாரம் உண்டு எனில், 200 ஹெர்ட்ஸ் முழு வீச்சு சைன் அலை ஒன்றை இசைத்து வெளியீட்டை மாறுமின்னழுத்த அளவையில் அளக்கலாம். அது 2.1 வோல்ட்டுக்கு அருகில் இருந்தால் மாற்றி நலமாக உள்ளது. பழுது அதற்கு அப்பால் உள்ள கம்பியிலோ மிகைப்பியிலோ இருக்கும். மலிவான பன்மானிகள் பல உயர் அலைவெண்களில் பிழையாகக் காட்டும் என்பதால்தான் 200 ஹெர்ட்ஸ் தெரிவு செய்யப்படுகிறது.

அறிகுறிகளும் காரணங்களும்

கடிகாரம் உண்டு, ஒலி இல்லை: 17ஆம் கால் 3.3 வோல்ட்டில் இல்லாமல் இருக்கலாம். 12ஆம் கால் எதனுடனும் இணையாமல் மிதந்துகொண்டிருக்கலாம். ஆயத்தப் பலகைகள் சிலவற்றில் இவற்றுக்கான பற்றாசுத் திட்டுகள் இணைக்கப்படாமலே வருகின்றன.

மெல்லிய இசையிலும் பேரிரைச்சல்: தரவு வடிவம் பொருந்தவில்லை என்பதன் அறிகுறி இது. ஐ2எஸ் முறையில் முதல் பிட், இட-வலக் கடிகாரம் மாறி ஒரு பிட் கழிந்த பின்னரே வரும். சில்லு அதனை ஒரு பிட் முன்னதாகப் படித்தால் எதிர்க்குறி தன் இடத்தை இழக்கும். சிறிய எதிர்க்குறி எண், பெரிய நேர்க்குறி எண்ணாகத் தோன்றும். 16ஆம் காலைச் சரிபார்க்க வேண்டும்.

அலையின் கீழ்ப்பாதி வெட்டுப்படல்: எதிர் மின்னழுத்தம் உருவாகவில்லை. ஒலி ஓடும்போது 5ஆம் காலில் ஏறத்தாழ −3 வோல்ட்டு இருக்க வேண்டும். இல்லையெனில் 2.2 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகளின் பற்றாசைப் பார்க்க வேண்டும்.

தொடர்ச்சியான ரீங்காரம்: மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில், 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பெரும்பாலும் நிலச்சுற்றைக் காட்டும். 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அலைதிருத்திக்குப் பின் வடிகட்டல் போதவில்லை என்பதைக் காட்டும். மாற்றியையும் மூலத்தையும் மின்கலத்தில் இயக்கிப் பார்த்து ரீங்காரம் நின்றால் பழுது சில்லில் இல்லை எனத் தெளியலாம். நிலச்சுற்றை நீக்க மின்செருகியின் நிலமுள்ளைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்தானது. அதனை ஒருபோதும் செய்தல் கூடாது. ஒலி மின்மாற்றி கொண்டு குறிகைப் பாதையைப் பிரிப்பதே முறையான தீர்வு.

கணினியின் இயக்கத்திற்கேற்ப மாறும் இரைச்சல்: 5 வோல்ட்டுத் தடத்தின் இரைச்சல் உள்ளே புகுகிறது. மாற்றிக்குத் தனி மின்வழங்கி தந்து பார்க்கலாம்.

சுருதி உயர்ந்தோ தாழ்ந்தோ ஒலித்தல்: 44.1 கிலோஹெர்ட்ஸ் தரவு 48 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடினால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயரும். தனிப் படிகம் பயன்படுத்தும் சுற்றுகளில் முன்னதற்கு 22.5792 மெகாஹெர்ட்ஸும் பின்னதற்கு 24.576 மெகாஹெர்ட்ஸும் வழக்கமான மதிப்புகள்.

செவியும் அளவீடும்

தாமே அமைத்த கருவி நன்றாக ஒலிப்பதாகத் தோன்றுவது இயல்பு. இரு கருவிகளுள் சற்று உரக்க ஒலிப்பதையே செவி சிறந்ததெனக் கொள்ளும். எனவே ஒப்பிடும் முன் இரண்டின் வெளியீட்டையும் 0.1 டெசிபெல்லுக்குள், அதாவது 2 வோல்ட்டில் ஏறத்தாழ 23 மில்லிவோல்ட்டுக்குள், சமப்படுத்த வேண்டும். எது எந்தக் கருவி எனக் கேட்பவர் அறியாதவாறு பலமுறை மாற்றிக் கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்டபின் வேறுபாடு மறைந்துவிடின், விலையுயர்ந்த மின்தேக்கிகளுக்குச் செலவிட எண்ணிய பணத்தைத் திருத்தமான பன்மானிக்கோ அலைகாட்டிக்கோ செலவிடுவது பயனுடையது.

இவற்றையும் பார்க்க

- ஒப்புமை-எண்ணிம மாற்றி
- மாதிரியெடுப்புத் தேற்றம்
- குறுவட்டு
- செயல்பாட்டு மிகைப்பி
- மின்தேக்கி