கல்லச்சுக் கேலிச்சித்திரமும் பிரெஞ்சு அரசும் (1830–1835)

எழுத்தைவிடப் படத்துக்கு அரசு மிகுதியாக அஞ்சுவது ஏன்? பிரான்சு நாட்டில் 1830க்கும் 1835க்கும் இடையே நிகழ்ந்தவை இவ்வினாவுக்கு விடை தருகின்றன.

1830 ஜூலைப் புரட்சியின் பயனாக அரியணை ஏறியவர் லூயி பிலிப். தணிக்கை முறை இனி ஒருபோதும் திரும்ப ஏற்படுத்தப்படாது என்னும் உறுதிமொழி அடங்கிய சாசனத்தை அவர் ஏற்றிருந்தார். அவ்வாண்டு நவம்பரில் சார்ல் ஃபிலிப்போன் என்பவர் 'லா கரிகத்யூர்' என்னும் வார இதழைத் தொடங்கினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் செனெஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு முறை அவருக்குப் பெருந்துணையாயிற்று. சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புள்ள கோலால் ஓவியர் நேரே வரைவார். கல்லை நனைத்து மை தடவினால் கோடுகள் மட்டுமே மையைப் பற்றிக்கொள்ளும். செம்பிலும் மரத்திலும் செதுக்கும் காலதாமதம் இதில் இல்லை. எழுத்தறியாதவரும் கடைச் சாளரத்தில் படத்தைக் கண்டு பொருள் உணர்ந்தனர்.

மன்னரின் தலை படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை 1831இல் நான்கு படங்களால் விளக்கிய ஃபிலிப்போன், உருவ ஒற்றுமை குற்றமெனில் பேரிக்காய்கள் யாவும் குற்றவாளிகளே என்று நீதிமன்றத்தில் வாதிட்டார். ஆயினும் தண்டனை பெற்றார். ஏழைகளின் காசை விழுங்கும் அரக்கனாக மன்னரைத் தீட்டிய ஒனோரே தோமியே 1832இல் சிறை புகுந்தார்.

1834 ஏப்ரல் 15 அன்று பாரிசில் கிளர்ச்சியை அடக்கச் சென்ற படையினர் திரான்ஸ்நோனென் தெருவில் ஒரு வீட்டினுள் புகுந்து அங்கிருந்தோரைக் கொன்றனர். தோமியே அதனை வரைந்தபோது மிகைப்படுத்தலை அறவே விலக்கினார். இரவு உடையோடு மாண்டு கிடக்கிறான் ஒருவன். அவன் உடலின்கீழ் ஒரு குழந்தை. நிழலில் ஒரு பெண். ஓரத்தில் ஒரு முதியவரின் தலை. கொன்றவர் எவரும் படத்தில் இல்லை. தலைப்பாகத் தெருவின் பெயரும் நாளும் மட்டுமே உள்ளன.

1835 ஜூலையில் மன்னரைக் கொல்லும் முயற்சி நடந்தது. செப்டம்பரில் வந்த சட்டம், படங்களை வெளியிட அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. எழுத்து கருத்தைச் சார்ந்தது, படமோ செயலைச் சார்ந்தது. ஆதலின் சாசனத்தின் உறுதிமொழி படத்துக்குப் பொருந்தாது என்பதே அரசின் வாதம். 'லா கரிகத்யூர்' நின்றது. தோமியே அரசியலை விட்டு வழக்கறிஞரையும் நகர மாந்தரையும் வரையலானார்.

பேரிக்காய் மன்னரை எள்ளியது. தெருவின் படம் நடந்ததற்குச் சாட்சி பகர்ந்தது. கேலிச்சித்திரத்தின் ஆற்றல் சிரிப்பில் மட்டுமே உண்டு என்போர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவாராக.