தோட்டத்துக் காவல் நாய்க்கு உலர் தீவனமா, ஈரத் தீவனமா?

ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என எந்த நாய் வளர்த்தாலும், பாக்கெட் தீவனம் வாங்கும்போது முதலில் ஈரப்பதத்தைப் பாருங்கள். உலர் தீவனத்தில் தண்ணீர் சுமார் 10 சதவீதம். டப்பாவில் வரும் ஈரத் தீவனத்தில் 75 முதல் 80 சதவீதம். பெரும்பங்கு காசு தண்ணீருக்கே போகிறது.

புரத அளவை அப்படியே ஒப்பிட்டாலும் ஏமாந்துபோவீர்கள். 78 சதவீதம் ஈரமுள்ள தீவனத்தில் புரதம் 8 சதவீதம் என்றால், தண்ணீரைக் கழித்தால் அது 36 சதவீதம். 24 சதவீதப் புரதமுள்ள உலர் தீவனத்தில் அது 27 சதவீதம்தான்.

ஆனாலும் தோட்டத்து நாய்க்கு உலர் தீவனமே போதும். பக்கத்தில் எப்போதும் குடிதண்ணீர் இருக்கட்டும். குட்டிக்கும் பல் விழுந்த கிழட்டு நாய்க்கும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். உடம்பு சரியில்லாமல் சாப்பிட மறுக்கும் நாய்க்கு ஈரத் தீவனம் உதவும். பிரித்த டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும்.

உலர் தீவனத்தில் பயப்பட வேண்டியது பூஞ்சணம். மழைக்காலத்தில் மோட்டார் அறையில் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் அஃப்ளாடாக்சின் நஞ்சு உருவாகலாம். அது ஈரலைக் கெடுத்து நாயைக் கொன்றுவிடும். வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கத் தயங்கும் நாம், நாய் விஷயத்தில் அதை யோசிப்பதில்லை. அந்தத் தீவனத்தைக் கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள். நாய் வாந்தி எடுத்து, கண் மஞ்சளானால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

புதுத் தீவனத்துக்கு மாற்றும்போது, பழையதோடு கலந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். ருசிக்காக வெங்காயம், பூண்டு போட்ட குழம்பை ஊற்ற வேண்டாம். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.